எண்ணுவதற்கு இன்னொருவர்

சின்னசேலம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.   உன் கேள்விக்கு வருகிறேன். படித்த நாள் முதல் அது மனசில் கிடந்து அரிக்கிறது.

“ஐயா, வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்குத் தரவுப் படம் வரைகிறேன். உலகத்தில் வருகிற நல்ல படங்களையெல்லாம் தினமும் பார்க்கிறேன், பிடித்ததைச் சேர்த்தும் வைக்கிறேன். சொந்தமாக ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. எனக்குக் கற்பனை போதவில்லையா, அல்லது இந்த ஊரில் இதைப் பேச ஆள் இல்லாததுதான் காரணமா?”

கற்பனைக்குக் குறை இல்லை. ஆள் விஷயத்தில் நீ சொல்வது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நல்ல படங்களை நிறையப் பார்த்தால் ஊக்கம் தானாக ஊறிவிடும் என்ற நம்பிக்கை உன் வயதுப் பிள்ளைகளிடம் பரவிக் கிடக்கிறது. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. முடிந்த படத்தில் முடிவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வரைந்தவர் எதை எண்ணினார், எதை வேண்டாம் என்று விட்டார், எந்த அச்சை எத்தனை முறை மாற்றினார், யார் சொல்லித் திருத்தினார் என்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் படத்தை வெளியே அனுப்புகிறார்கள். அப்படித் துடைத்து வந்ததை ஆயிரம் பார்த்தாலும் உன் கைக்கு வேலை கிடைக்காது. ‘நம்மால் இது முடியாது’ என்ற ஏக்கம்தான் கூடும். உனக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான்.

இதற்கு உடன்பிறப்பாக இன்னொரு தவறான எண்ணம் உண்டு. ஒவ்வொரு பெரிய படத்தையும் ஒரு மேதை தனியாக உட்கார்ந்து வரைந்தார் என்பது. பாடப் புத்தகங்களே இதைச் செய்கின்றன. லண்டன் காலரா வரைபடத்தை ஜான் ஸ்னோவின் கதையாக நீயும் படித்திருப்பாய், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதில் விடுபட்டுப் போகிற இருவரை மட்டும் சொல்கிறேன். இறந்தவர்களின் பட்டியல் ஸ்னோவுக்கு எங்கிருந்து கிடைத்தது? பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுத்துக்கொண்டிருந்த வில்லியம் ஃபாரிடமிருந்து. அந்த மனிதர் நோய் காற்றில் பரவுகிறது என்று நம்பியவர். ஸ்னோவின் கட்சிக்கு எதிர்க் கட்சி. இருந்தும் பட்டியலைக் கொடுத்தார்.

அடுத்தவர் ஹென்றி வைட்ஹெட், நோய் பரவிய பகுதியின் உதவிப் பாதிரியார். ஒரு தெரு அடிகுழாயின் தண்ணீரால்தான் நோய் பரவியது என்று ஸ்னோ சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லித் தெரிந்தவர் என்பதால் வெளியாளுக்குச் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். கடைசியில் அந்தத் தெருவின் 40ஆம் எண் வீட்டுக் கைக்குழந்தைக்குத்தான் முதலில் நோய் கண்டது என்பதையும், துணி அலசிய தண்ணீர் கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக் குழியில் ஊற்றப்பட்டது என்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். மறுக்கப் போனவர் ஸ்னோவின் மிக வலுவான சாட்சியாகத் திரும்பினார். 1854 செப்டம்பர் 8ஆம் தேதி அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியபோது அந்த வரைபடம் வரையப்படவே இல்லை. படம் பிறகு வந்தது. மறு ஆண்டு அச்சான இரண்டாம் வடிவத்தில், எந்த வீட்டிலிருந்து நடந்தால் அந்தக் குழாய் மற்றக் குழாய்களைவிடப் பக்கம் என்று காட்டும் எல்லைக்கோடும் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. நடந்து போகும் தூரத்தைக் கணக்கில் எடுத்த கோடு.

இதிலிருந்து நான் வெகு காலமாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கொள்கையை உனக்குச் சொல்கிறேன். நல்ல தரவுப் படத்துக்குப் பின்னால் குறைந்தது இருவர் இருப்பார்கள். அந்த இரண்டாமவர் வெறும் ரசிகராக இருந்தால் பயனில்லை. நீ எண்ணுகிற அதே பொருளை அவரும் எண்ணியிருக்க வேண்டும்.

இதைத் தன் எழுத்தின் வழியாக எனக்குக் கற்றுக்கொடுத்தவர் புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவரைத் திட்டக்குழு ஆளாகவும் ஐந்தாண்டுத் திட்டக் கணக்காளராகவும் மட்டுமே நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அவர் ஒரு வரைபடக் கலைஞர் என்பதை யாரும் சொல்வதில்லை. 1930களின் இறுதியில் வங்காளத்தில் சணல் பயிர் எத்தனை ஏக்கர் என்று மதிப்பிடும் வேலை அவரிடம் வந்தது. அங்கே அவர் ஒரு வழியைக் கண்டார். ஒரே பரப்புக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை, இரண்டு தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவது. ஒரு குழு எழுதியதை மற்றது பார்க்கக் கூடாது. மேசையில் இருப்பவர்களுக்கு இது வீண் செலவாகப்படும். அவருக்கு அந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் விழுகிற வித்தியாசமே தகவல். மாதிரி எடுத்ததால் வந்த பிழை, வயலில் இறங்காமல் வரப்பிலிருந்தே எழுதியவன் செய்த பிழை, இரண்டும் அந்த வித்தியாசத்தில் வந்து நின்றுவிடும்.

இருபது ஆண்டுக்குப் பிறகு இதையே படமாக்கினார். 1960இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வந்த கட்டுரை. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்துக்கொண்டார். குடும்பங்களைத் தலைக்கு ஆகும் செலவுப்படி ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையுள்ள பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொரு பிரிவும் தானியத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். எல்லாரும் செய்யக்கூடியதுதான். அவர் அங்கே நிற்கவில்லை. முதல் மாதிரிக்கு ஒரு கோடு, இரண்டாம் மாதிரிக்கு ஒரு கோடு, இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு கோடு. முதல் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடக்கும் பரப்புதான் பிழை! சூத்திரம் தெரியாதவனும் கண்ணால் பார்த்துவிடலாம். வேறொரு ஆண்டின் கோடுகளை அதே தாளில் போடு. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலான இடைவெளி அந்தப் பிழைப் பரப்பைவிட நன்றாக அகலமாக இருந்தால் மாற்றம் உண்மையானது. இல்லாவிட்டால் நீ சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

இன்றைக்கு வருகிற படங்களில் எத்தனையில் இந்த நேர்மையைப் பார்க்கிறாய்? ஒரே ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் ஒரு அம்புக்குறி, ‘சரிந்தது’ என்று ஒரு தலைப்பு. எண்ணியவன் தடுமாறிய இடம் எங்கே போயிற்று? நீ சேர்த்து வைத்திருக்கும் படங்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு புரட்டிப் பார். பாதியை நீயே எறிந்துவிடுவாய்.

மகலனோபிஸைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. அவர் இந்தத் துறைக்கு வந்த விதமே ஊக்கத்தைப் பற்றிய நல்ல பாடம். 1915இல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முடித்து ஊருக்குக் கிளம்பினார். போர்க்காலம், கப்பல் தாமதம். கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்தவரிடம் மெக்காலே என்ற ஆசிரியர் ‘பயோமெட்ரிகா’ இதழின் தொகுதிகளைக் காட்டினார். மகலனோபிஸ் முழுத் தொகுதியையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வழி நெடுகப் படித்தார். இந்தியாவின் புள்ளியியல் அங்கிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம். பின்னால் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தன் அறையிலேயே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது, 1933இல் ‘சங்க்யா’ இதழ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இதழின் பழைய தொகுதிகளை எடுத்துவைத்துக்கொண்டு மாலை முழுவதும் படிப்பேன். கணக்கைவிட ஒருவர் கட்டுரைக்கு இன்னொருவர் எழுதும் மறுப்புகளில்தான் எனக்கு ருசி. ஒருவர் கை காட்டியது, இன்னொருவர் மறுத்தது. ஊக்கம் பெரும்பாலும் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் வருகிறது.

இப்போது உன் காலத்துக்கு வருகிறேன். ஜியோர்ஜியா லூப்பி, ஸ்டெஃபானி போசாவெக் என்று இரண்டு பெண்கள். ஒருவர் இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் இருந்தவர், மற்றவர் அமெரிக்காவில் பிறந்து லண்டனில் இருந்தவர். இருவரும் தரவுப் படம் வரைவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒரு மாநாட்டில் அறிமுகம், அதிகப் பழக்கம் இல்லை. 2014இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஓராண்டு முழுக்க, வாரத்துக்கு ஒரு பொருள். இருவரும் தத்தம் வாழ்க்கையில் அதை எண்ண வேண்டும். கையால் ஓர் அஞ்சலட்டையில் வரைந்து தபாலில் போட வேண்டும். முதல் வாரம் எத்தனை முறை மணி பார்த்தோம் என்பது. பிறகு புகார்கள், நன்றி சொன்ன தருணங்கள், கடந்து போன கதவுகள் என்று 52 வாரம். முன்பக்கம் படம், பின்பக்கம் முகவரியும் படத்தைப் படிக்கும் குறிப்பும். சில அட்டைகள் வழியில் தொலைந்தே போயின. 2016இல் அது புத்தகமானது. அதே ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த அட்டைகளை வாங்கிக்கொண்டது.

அதன் அழகைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம் வேறு. ஒரே வாரம், ஒரே பொருள், எண்ணுகிறவர் இருவர். ஒருத்தி பொருட்படுத்தாததை மற்றவள் குறித்திருப்பாள். அட்டை கைக்கு வந்ததும் ‘அட, இதை நான் எண்ணவே இல்லையே’ என்று தோன்றும். அடுத்த வாரத்துக்கான ஊக்கம் அந்த இடத்தில் பிறக்கிறது. மகலனோபிஸின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் கிடந்த அதே பரப்புதான் இதுவும். இந்த ஒப்பீட்டை வேறு யாரும் செய்து நான் படித்ததில்லை. என் வாதத்தில் ஓட்டை இருந்தால் நீ எழுது.

ஆகவே குழு வேண்டும். வெளியே குழுக்களும் இருக்கின்றன. பெங்களூரில் ‘விஸ்சித்ரா’ என்று ஒரு கூட்டம் சேர்ந்து 2025 ஜூனில் முதல் மாநாட்டை நடத்தியது. பொதுத் தரவுகளைத் திறந்து வைக்கச் சொல்லும் ‘டேட்டாமீட்’ அதற்கும் வெகு முன்பே அதே ஊரில் தொடங்கியது. உலக அளவில் 2019இல் ‘டேட்டா விஷுவலைசேஷன் சொசைட்டி’ அமைந்தது. அதன் இதழுக்கு ‘நைட்டிங்கேல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்குப் பஸ் ஏறு, போய் வா. ஆனால் அங்கே என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு போ.

பாராட்டு வாங்கப் போகாதே. ‘அருமை’ என்ற ஒரு சொல்லால் எந்தப் படமும் திருந்தியதில்லை. வாரம் ஒருமுறை ஒரே தரவை எல்லாருக்கும் கொடுத்து அவரவர் படம் வரையும் பயிற்சிகள் இருக்கின்றன. 2018 முதல் நடக்கும் ‘டைடி ட்யூஸ்டே’ அப்படி ஒன்று. அதில் சேர். சேர்ந்தால் மிகச் சிறந்த படத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காதே. உன் படத்துக்கு நேர் எதிரான முடிவைக் காட்டுகிற படத்தைத் தேடு. தரவு ஒன்று, முடிவு இரண்டு. எந்த வரிகளை அவர் நீக்கினார், எதை எதோடு வகுத்தார்? தெரியாவிட்டால் அவருக்கு எழுதிக் கேள். மரியாதையாக ‘எப்படிக் கணக்கிட்டீர்கள்’ என்று கேட்டால் சொல்லாமல் போகிறவர் குறைவு. அந்த ஒரு கேள்வியில் கிடைக்கிற நட்பு நூறு பாராட்டில் கிடைக்காது.

எங்கிருந்து ஊக்கம் வந்ததோ அவர் பெயரைப் படத்திலேயே போடு. இதில் நான் கண்டிப்பானவன். பூமி சூடாவதை நீலமும் சிவப்புமான பட்டைகளாகக் காட்டும் படத்தை நீ பார்த்திருப்பாய். அதை 2018இல் வெளியிட்டவர் ரெடிங் பல்கலைக்கழகத்து எட் ஹாக்கின்ஸ். அதற்கு முந்தின ஆண்டே அதே பல்கலைக்கழகத்தின் எல்லி ஹைவுட் வெப்பநிலை மாற்றத்தை வரிசை வரிசையாக நிறநூலில் பின்னி ஒரு போர்வையே செய்திருந்தார். வெப்பநிலையை நூலில் பின்னும் வழக்கம் கைவேலைக்காரர்களிடம் அதற்கும் முன்பே இருந்தது. இந்த வரிசை நமக்குத் தெரிய வந்தது ஒருவரை ஒருவர் பெயர் சொன்னதால்தான்.

தொழில் தெரிந்தவர்கள் கூடும் இடம் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு வரைபடம் வந்தது. பெங்களூரில் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷும் அவர் தோழர்களும் அதைச் செய்தார்கள். அடியில் இருந்தது ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’, தன்னார்வலர்கள் தெருத் தெருவாக வரைந்து வைத்திருந்த வரைபடம். அதன் மேல் தண்ணீரில் நின்றவர்களே தங்கள் தெருவைத் தொட்டுக் குறித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் அப்படிச் சேர்ந்தன. கோடு போடத் தெரிந்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள், தண்ணீரைப் பார்த்தவர்கள் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் இருந்தார்கள். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறு பக்கத்துக்கு வேலையே இல்லை.

இனி நீ இணைத்து அனுப்பிய கோமுகி அணைப் படம். மாதத்துக்கு ஒரு நிறம் என்று வானவில்லையே கொட்டியிருக்கிறாய். முதலில் அதை எடு. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நிறம் போதும். அதைவிடப் பெரிய சங்கதிகள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் பெங்களூர் மாநாட்டில் யாராலும் உனக்குச் சொல்ல முடியாது.

அணையின் முழு உயரம் 46 அடி. 23 அடியில் ‘பாதி நிறைந்தது’ என்று எழுதியிருக்கிறாய். மலையடிவாரப் பள்ளம் அடியில் குறுகி மேலே விரிந்து கிடக்கிறது, புனலைப் போல. பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது, அதற்கு வெகு கீழேதான் இருக்கும். சரியான கூம்பாக இருந்தால் எட்டில் ஒரு பங்குதான். அடியைக் கொள்ளளவாக மாற்றும் அட்டவணை அணை அலுவலகத்தில் உண்டு. முழுக் கொள்ளளவான 560 மில்லியன் கன அடியை உச்சியாக வைத்து அச்சைப் போட்டால் உன் கோட்டின் முகமே மாறிவிடும்.

அடுத்தது, மழைக்காலத்தில் கோடு 44 அடியில் பலகை போல் கிடக்கிறது. நீ அதற்கு ‘மழை ஓய்ந்தது’ என்று குறிப்பு எழுதியிருக்கிறாய். மழை ஓயவில்லை, தம்பி. பாதுகாப்புக்காக முழு உயரத்துக்கு விடாமல் இரண்டு அடி குறைத்து நிறுத்தி, வருகிற தண்ணீரை ஷட்டர் வழியாக ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன் படத்தில் அமைதியாகத் தெரிகிற அந்த நாட்களில்தான் கரையோரத்துச் சனங்களுக்கு எச்சரிக்கை விடுத்திருப்பார்கள்.

மூன்றாவதாக, மழையே இல்லாமல் மட்டம் ஏறிய நாட்களை ‘அசாதாரணம்’ என்று வட்டமிட்டிருக்கிறாய். நீ எடுத்தது அணையில் இருக்கும் மழைமானியின் கணக்கு. தண்ணீர் வருவது கல்வராயன் மலையின் பொட்டியம், கல்படைப் பக்கத்து ஓடைகளில். மலைமேல் கொட்டி, அடிவாரத்தில் ஒரு சொட்டும் விழாத நாள் எத்தனையோ. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மழையைக் காலை 8.30க்கு அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். திங்கள் மாலை பெய்த மழைக்குச் செவ்வாய்க்கிழமையின் பெயர். இரவோடு இரவாக ஓடை இறங்கி மட்டம் ஏறியதற்கும் செவ்வாய் என்றே பெயர். ‘மழை பெய்த அன்றே அணை உயர்கிறது’ என்று நீ கண்டுபிடித்தது தேதி எழுதும் முறையைத்தான். ஓடை ஓடிவர எடுத்துக்கொண்ட மணி நேரங்கள் அதற்குள் தொலைந்துவிட்டன.

இதையெல்லாம் தினமும் மட்டக்கோலைப் பார்த்துக் குறிப்பவர் அணை லஸ்கர். சைக்கிள் மிதித்தால் போய்விடும் தூரத்தில் இருக்கிறார். உன் துறையில் பேச ஆள் இல்லை என்று எனக்கு எழுதினாயே, அவர் யார்? நீ வரைகிற எண்ணை நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும் வரிசையில் வருகிறவர். படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போ, போனில் காட்டாதே. காகிதம் என்றால் அவர் பேனாவை வாங்கி அதன் மேலேயே எழுதுவார்.

உன்னோடு படித்தவர் ஒருவர் மலைமேல் வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார் என்று முன்பு சொன்னாய். அவரிடம் நேர்ப் பக்கமுள்ள ஒரு டப்பாவும் ஓர் அளவுகோலும் இருந்தால் மலை மழைக்குத் தனிக் கணக்கு தயார். மாணவர்கள் அளக்கட்டும். மணியையும் சேர்த்து எழுதச் சொல். வாரம் ஒருமுறை அவர் மலையின் மழையை ஓர் அஞ்சலட்டையில் வரைந்து அனுப்பட்டும், நீ அடிவாரத்து மழையையும் அணை மட்டத்தையும் வரைந்து அவருக்கு அனுப்பு. அட்டைக்கு ஆகும் செலவு சொற்பம்தான். படத்தைப் படிக்கும் குறிப்பைப் பின்பக்கம் எழுத மறக்காதே. வடகிழக்குப் பருவம் முடியும்போது இரண்டு அடுக்கு அட்டைகளையும் தரையில் பரப்பிப் பார்த்தால், எந்த ஓடை எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பேச உனக்குக் கொஞ்சம் தகுதி வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு பெங்களூர் போ. அங்கே உன்னிடம் கேட்க அவர்களுக்கும் ஏதாவது இருக்கும்.

முதல் வேலை லஸ்கரைப் பார்ப்பது. அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்பு, திருத்தாதே. பெயரைப் படத்தில் போடலாமா என்று அவரையே கேட்டுக்கொள். படம் பிறகு வரட்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்